ரூத் அக்கா யோகுட்ஸ் இல்லை

ரூத் அக்கா செத்துப் போய்விட்டார். காலையில் வேலைக்குப் போய் ஆபீஸ் ஈமெயிலில்தான் பார்த்தேன்...

அந்த ஈமெயிலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே தொடங்கினால் வாயில் நல்ல வார்த்தை வராது.

லண்டனில் நான் செக்யூரிட்டியாக இருக்கும் மியூசியத்தில், வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி வைக்கும் கவுண்டரில் ஒன்பது வருடம் இருந்தவர். ஊர் கலிபோர்னியா, கெர்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. சனம் துபாதுலாபால். பைன் கொட்டை சாப்பிடுகிறவர்கள் என்று அர்த்தமாம்.

அமெரிக்க அரசாங்கத்தின் பழங்குடிப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. "ஆள் உயிரோட நிக்கிறன், லிஸ்டில இல்லையாம்" என்று சிரிப்பார். தமிழன்தான் என்று குரோய்டன் அகதி விசாரணை ஆபீசில் மூன்று தரம் நிரூபித்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரிலிருந்து தன் தங்கச்சி அனுப்பும் வறுத்த பைன் கொட்டையை எனக்கும் தருவார். இன்னும் வேணுமா என்றால் நான் "ஓம்" என்பேன். பிறகு அக்காவும் மேனேஜருக்கே "ஓம்" சொல்லத் தொடங்கிவிட்டார்.

மியூசியத்தின் இரண்டாம் மாடியில் ஒரு பழைய கூடை. லேபிளில் யோகுட்ஸ் என்று இருக்கும். அது பக்கத்துச் சனம். கூடையோடு வந்த பழைய கார்டில் அக்காவின் ஊர்ப் பெயர் தெளிவாக இருக்கிறது!

"எங்கட ஆக்கள் செத்தால் அவையின்ர சாமானை நெருப்பில போடுவம். அப்பதான் துக்கம் முடியும். இந்தக் கூடையை வித்தினமோ, பறிச்சினமோ தெரியாது. பேரையாவது சரியாப் போடச் சொல்லு" என்பார் அக்கா.

மியூசியத்துக்கு ஆறு கடிதம் எழுதினார். ஆறுக்கும் ஒரே பதில், பரிசீலனையில் உள்ளது. ஒரு துண்டு அட்டையை மாற்ற என்ன மண்ணாங்கட்டிப் பரிசீலனை?

இந்த ஏப்ரலில் ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நாங்கள் நின்றபோது லீவு போட்டு வந்து பக்கத்தில் நின்றார். வழியில் போன ஒருவன் "இந்தியர்களா?" என்று கேட்டான். நான் வாய் திறக்க முதல் "இலங்கைத் தமிழர்!" என்று கத்தினார் அக்கா.

இன்றைய ஈமெயில்... "எங்கள் அன்புக்குரிய யோகுட்ஸ் சகா." லேபிளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், மடையர்கள்! ஒன்பது வருடம் உங்கள் கோட்டுகளையும் தூக்கி வைத்த மனுசி!

எல்லாருக்கும் பதில் போட்டேன். ஒரே சொல். துபாதுலாபால்.

கவுண்டரில் தொங்கிய அவருடைய சிவப்புக் கார்டிகனைத் தொலைந்த பொருட்களோடு போடச் சொன்னார்கள். தரமாட்டேன் என்று எடுத்து வந்துவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

அக்கா, அதை உங்கட தங்கச்சிக்கு அனுப்புறன். அவ நெருப்பில போடட்டும்.

போய் வாங்கோ.