சதுர ரப்பர் பட்டன்

இன்னைக்கு பூண்டுலோயாவுல குமார் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருகிட்ட இருக்குற பழைய ஜப்பான் கேம் மெஷின் முதல் மொடலான்னு பார்த்துச் சொல்லணுமாம்; முதல் மொடல்னா நல்ல வெலை போகுமாம்.

பட்டனெல்லாம் வட்டமா, புதுசா இருந்துச்சு.

"பழசு சதுர ரப்பர் தம்பி, அமுக்குனா சிக்கிக்கும். நீங்க வர்றீங்கன்னு காலையிலதான் மாத்துனேன்"னாரு.

"கழட்டுனது எங்கண்ணே?"

அவரு சம்சாரம் அடுப்படியிலருந்து சொன்னாங்க. "வெறகெல்லாம் ஈரம் தம்பி. ஒங்களுக்குத் தேத்தண்ணி போட அந்த ரப்பரை வச்சுத்தான் அடுப்பைப் பத்த வச்சேன்."

நான் பேசாம வந்திருக்கலாம். தேத்தண்ணிய நிதானமா குடிச்சு முடிச்சேன்.

"முதல் மொடலுக்கு அடையாளமே அந்தச் சதுர பட்டன்தாண்ணே. வட்டம் பொறகு வந்தது."

ரெண்டு பேரு மூஞ்சியும் பார்க்கணுமே!

இன்னொரு கப் கேட்டேன், தரல. கேட்டதுல என்னங்க தப்பு?