குண்டெழுத்தும் கடுகும்

விளம்பரப் போர்டு செய்துகொடுக்கும் கடையில் அவளுக்குக் 'கடுகு' என்று பெயர். முகத்தில் எந்நேரமும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அப்படிப்பட்டவள் கையிலிருந்துதான் அந்தக் குண்டெழுத்து பிறந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு பொம்மைக் கடைக்காக வரைந்தது. 'கு'வுக்குத் தொப்பை, 'ழ'வுக்குக் கொழுத்த வால், மெய்யெழுத்தின் தலையில் பந்து மாதிரி புள்ளி. படிக்கத் தெரியாத பிள்ளைகூடக் கிட்டே போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றே வரைந்தாள். அதைச் சிறிதாக்கினால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நாலு சொல்லுக்கு மேல் எழுதினால் கண் களைத்துப்போகும்.

தங்கை மகளுக்கு நாலு வயது. எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் தெருவில் குண்டெழுத்தைக் கண்டால் போதும், "பெரியம்மா எழுத்து" என்று ஓடிப்போய்ப் புள்ளியைத் தட்டுவாள். கடுகு சிரிக்கிற நேரம் அது ஒன்றுதான்.

முதலாளிக்கு அந்த எழுத்து ரொம்பப் பிடித்துவிட்டது. கம்ப்யூட்டரைத் திறந்தாலே அதுதான் வரும் என்று செய்துவிட்டார். அப்புறம் கேட்கவா வேண்டும். பல் டாக்டருக்கும் அதே தொப்பை, வக்கீலுக்கும் அதே வால். இரங்கல் போர்டில் செத்துப்போனவர் பெயர் குதித்துக்கொண்டு நின்றது. கடுகு தொண்டை வற்றக் கத்திப் பார்த்தாள். முதலாளி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஒரு நாள் மதியம் தங்கை போன் செய்தாள். "அக்கா, பாப்பாவோட பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி கட்டடத்துக்குத் தோண்டின குழியில தண்ணி நிக்குதுல்ல? அங்க உன் எழுத்துல ஒரு போர்டு நட்டிருக்காங்க. காலையில இவ என் கையை உதறிட்டு ஓடிட்டா. விளிம்புல போய்ப் பிடிச்சேன்."

கடுகு போனை வைத்தாள். கம்ப்யூட்டரில் முந்தின நாள் வேலையைத் திறந்தாள். 'ஆழம். கிட்டே வராதே.' ஆரஞ்சு நிறத்தில், குண்டு குண்டாக.

"யாரு சார் அடிச்சது இதை?"

"நான்தான். அவசரம்னாங்க," என்றார் முதலாளி. "எழுத்துன்னா எழுத்துதானம்மா. படிக்க வருதுல்ல?"

"படிக்கத் தெரிஞ்சவன் ஏன் சார் அங்க போறான்? படிக்கத் தெரியாததுங்கதான் போகும். வா வான்னு கூப்பிட வரைஞ்ச எழுத்து அது."

"சரி விடு, நாளைக்கு மாத்திடலாம்."

"ஏன், இன்னைக்குப் பள்ளிக்கூடம் விடாதா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். போர்டைக் கண்ணால் பார்த்ததும் தன் கையையும் சேர்த்துத் திட்டினாள். அவ்வளவு அழகாக இருந்தது அது.

கம்பை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, போர்டைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டாள். அதற்கப்புறம்தான் உறைத்தது: இப்போது குழிக்கு ஒரு தடையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிட்டது. வேறு வழி தெரியாமல், போர்டு இருந்த இடத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளே நின்றாள்.

திபுதிபுவென்று வந்த பிள்ளைகள் அந்த முகத்தைப் பார்த்தார்கள். சத்தம் அடங்கி, எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனார்கள்.

கடைசியில் தங்கை மகள் அம்மா கையைப் பிடித்தபடி வந்தாள். பெரியம்மாவைப் பார்த்ததும் அம்மா பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"பெரியம்மா ஏம்மா அடிக்கிற மாதிரி பாக்குறாங்க? எனக்குப் பயமா இருக்கு."

ஒரு சிரிப்பு சிரித்தால் போதும், கையை உதறிவிட்டு ஓடி வந்துவிடுவாள். கடுகு சிரிக்கவில்லை.