ரகசியச் சங்கமும் தொண்டூர் நீதிபதியும்

ஷூட்டிங்கில் துணிமணி பார்க்கிற வேலை என்றால் நடிகைக்குப் புடவை மடிப்பு எடுப்பது என்று நினைத்துத்தான் பிளஸ் டூவோடு படிப்பை விட்டேன். உண்மையில் அது அடுத்தவர் வேர்வையோடு குடும்பம் நடத்துவது. இஸ்திரிப் பெட்டி பிடித்த கைகளே, உங்களுக்குப் புரியும். செஞ்சியில் எடுத்தது ஒரு வெப் சீரிஸ். கற்பனை நாடு ஒன்றின் உச்ச நீதிமன்றத்தை ரகசியச் சங்கம் ஆட்டிவைக்கிற கதை. இயக்குநர் மாலினி அக்காவுக்கு இதுதான் முதல் வாய்ப்பு. கோர்ட்டாக மாற்றிய கல்யாண மண்டபம் அன்று சாயங்காலம் வரைதான். அதற்குள் தீர்ப்புக் காட்சி முடியாவிட்டால் சீரிஸே கிடையாது என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

ரகசியக் கூட்டம்

காலையில் கோட்டை அடிவாரத்தில் சங்கம் கூடியது. கறுப்பு அங்கி, முகம் மறைக்கும் தொப்பி. வெயிலில் சுட்ட பாறையில் உட்கார்ந்ததும் சங்கத்தார் மொத்தமாக எழுந்துவிட்டார்கள். யாருக்கும் தெரியாமல் சதி செய்ய வேண்டிய இடத்தில் வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் நின்றது. தலைவராக நடித்த சென்னை நாடக நடிகர், "நீதிபதி நம் கையில்" என்று கிசுகிசுத்தார். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அக்கா குரல் கொடுத்தார்: "சத்தமா சொல்லு சார், பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல!"

ஒரே அங்கி

சங்கத்துக்கும் நீதிபதிகளுக்கும் சேர்த்து ஒரே செட் அங்கிதான் வந்திருந்தது. தொப்பியைப் பிரித்து, கழுத்தில் வெள்ளைப் பட்டை குத்தினால் நீதிபதி. வேர்வையில் நனைந்த அங்கிகளை இஸ்திரி போட்டே உலர்த்தினேன், நாற்றம் போகவில்லை. தலைமை நீதிபதி, பக்கத்து ஊரான தொண்டூர் முனுசாமி அண்ணன். விவசாயி, மீசைக்காகவும் குரலுக்காகவும் பிடித்து வந்தது. அங்கியை மாட்டியதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்: "இன்னா பாப்பா, சங்கத்துக்காரன் இன்னும் உள்ளயே இருக்கறாப்பல இருக்குது?"

தீர்ப்பு

ஊர் ஏரியை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கச் சொல்வது சங்கத்தின் உத்தரவு. தலைவர் சைகையாக விரலில் மோதிரத்தைத் திருப்புவார். நீதிபதி, "ஏரி கம்பெனிக்கே" என்று சொல்ல வேண்டும். திருப்பினார். "ஏரி ஊருக்குத்தான்!" என்றார் முனுசாமி அண்ணன். கூட்டத்துக்கு உட்காரவைத்த தொண்டூர்க்காரர்கள் கைதட்டினார்கள். மறுபடி எடுத்தோம், மறுபடியும் ஊருக்குத்தான்.

"அண்ணே, நடிப்புதானே!" என்று மாலினி அக்கா கெஞ்சினார்.

"நடிப்புதாம்மா. ஆனா ஊரே செல்லுல பாக்கும். நாளைக்கு எங்க ஏரி மடை திறக்கறப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நிப்பேன்?"

வாசலில் கல்யாணத்துக்கு வாழைமரம் கட்ட ஆள் வந்துவிட்டது. அக்கா கண் கலங்கிவிட்டார். எனக்குப் பொறுமை கிடையாது. "சங்கம் தோத்துச்சுன்னே எடுங்கக்கா! ஜெயிக்கிற சங்கத்தை எல்லாச் சீரிஸ்லயும் பாத்தாச்சு" என்று கத்தினேன். அக்கா முறைத்தார். அப்புறம் சிரித்தார். கேமரா ஓடியது. ஏரி ஊருக்கே போனது, மண்டபம் முழுக்க விசில். அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு வாய் பிளந்து நின்ற தலைவரின் முகம், சொல்லிக்கொடுத்தால் வருகிற முகமா அது! போனில் பார்த்த தயாரிப்பாளரும் சரி என்றுவிட்டார். தலைவர் மட்டும்தான் கேட்டார்: "அப்போ மீதி எபிசோடுல எல்லாம் நான் என்னம்மா பண்றது?"

ஆகவே, உச்ச நீதிமன்றத்தை வளைக்க நினைக்கும் ரகசியச் சங்கத்தாரே, ஏரிப் பாசனத்தில் நிலம் இல்லாத ஆளாகப் பார்த்து நாற்காலியில் உட்கார வையுங்கள்.