மேனேஜர் சாருக்குப் போட்ட சின்னச் சக்கரம்

அந்தப் புத்தகத்தின் அட்டை நீல நிறம். ஓரமெல்லாம் கிரீஸ் பட்டுக் கறுத்துப்போய், நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் தெரியும். பைக் கம்பெனியிலிருந்து வந்த வேலைப் புத்தகம். உள்ளே முழுக்க இங்கிலீஷ். அதை என் இரண்டு கையிலும் விரித்து வைத்து, ஷோரூம் கவுன்ட்டருக்கு முன்னால், பதினைந்து இருபது பேர் பார்க்க, "படி" என்றார் மேனேஜர். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தார். பட்டறை ஆட்களை ஷோரூமுக்குள் விடமாட்டார்கள். அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி நான் உள்ளே வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. பளபளவென்று துடைத்த தரையில் என் பாதத்தின் எண்ணெய் அச்சு, கதவிலிருந்து கவுன்ட்டர் வரைக்கும் வரிசையாகப் பதிந்திருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருவெள்ளறைப் பக்கம் விவசாயக் குடும்பம், படிப்பு அஞ்சாம் கிளாஸ். புத்தூரில் ஒரு சைக்கிள் கடையில் கோட்டம் எடுக்கப் பழகினேன். சக்கரம் சுற்றும்போது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுகிறதல்லவா, கம்பிகளை முறுக்கி அதை நேராக்குவதற்குத்தான் கோட்டம் எடுப்பது என்று பெயர். மற்றவர்களுக்கு மூன்று வருடம் ஆகிற வேலை எனக்கு ஆறு மாதத்தில் கைவந்தது. கம்பியை விரலால் சுண்டி, அது எழுப்பும் சத்தத்தை வைத்தே எத்தனை திருகு திருக வேண்டும் என்று சொல்வேன். இன்றைக்கு எடமலைப்பட்டி புதூரில் சொந்த இடத்தில் பட்டறை, ஆறு பேருக்குச் சம்பளம். திருச்சியில் மட்டுமல்ல, சுற்று வட்டாரத்தில் பெரிய பைக் வைத்திருக்கிற எவனும் என் வாசலுக்கு வராமல் கம்பிச் சக்கரம் மாற்ற முடியாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது. எவனும் கைதூக்கி விடவில்லை.

அந்த ஷோரூம் கன்டோன்மென்ட் பக்கம் இருந்தது, இப்போது இல்லை. சக்கரம் கட்ட என்னை வைத்திருந்தார்கள். ஒரு கான்ட்ராக்டரின் வண்டிக்குப் பின் சக்கரத்தில் புது ரிம் போட வேண்டியிருந்தது. சில வண்டிகளில் ரிம்மின் நட்ட நடுவில் ஹப், அதாவது கம்பியெல்லாம் வந்து சேருகிற உருளை, உட்காராது. செயினுக்கு இடம்விட்டு ஒரு பக்கமாகத் தள்ளி உட்காரும். எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் அந்த வேலையின் உயிர். மேனேஜர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டி, புத்தகத்தைப் பார்த்துச் சீட்டில் படம் போட்டு, அம்புக்குறி காட்டி அளவு எழுதிக் கொடுத்தார். பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "சார், பக்கம் மாறியிருக்கு" என்றேன். "புக்கை நீ எழுதினியா, கம்பெனிக்காரன் எழுதினானா? போட்டிருக்கிறதைக் கட்டுடா" என்று கையை உயர்த்தினார். கட்டினேன். டயர் ஒரு பக்கமாக உரசி உரசி, நாலாம் நாள் காவிரிப் பாலத்தில் வெடித்துவிட்டது. கான்ட்ராக்டருக்கு மணிக்கட்டு உடைந்தது. கட்டுப்போட்ட கையோடு அவர் ஷோரூமில் வந்து சத்தம் போட்ட அன்றைக்குத்தான் என் கையில் அந்தப் புத்தகம் ஏறியது. "பாத்தீங்களா சார், இவனுக்குப் படிக்கத் தெரியாது. அளவை மாத்திக் கட்டிட்டான். இதையெல்லாம் வேலைக்கு வச்சது எங்க தப்புதான்" என்றார் மேனேஜர். அவர் எழுதிய சீட்டைத் தேடினேன். ஆணியில் குத்தியிருந்த மற்ற சீட்டெல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை.

வேலை போனதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஊரில் இருந்த மற்ற ஷோரூம்களுக்கும் சொல்லி வைத்தார். போன இடத்திலெல்லாம், "மணிக்கட்டை உடைச்சவன் நீதானே?" என்றுதான் முதல் கேள்வி. எனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் ஒரு சாக்குச் சொல்லிப் பின்வாங்கினார்கள். பிற்பாடு அதைவிட நல்ல இடத்தில் பெண் எடுத்தேன், அது வேறு விஷயம். ஆனால் அந்த ஒரு வருடம் நான் மறுபடியும் புத்தூரில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினேன். ஒவ்வொரு பஞ்சருக்கும் அவரைத் திட்டினேன். வயது ஆக ஆகக் கோபம் ஆறும் என்று சொல்கிறவர்கள் எல்லாம் சின்னக் கோபக்காரர்கள். என் கோபம் நான் கட்டின சக்கரம் மாதிரி, வருடக்கணக்கில் ஓடினாலும் தளராது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த அளவைத் தப்பாக எழுதியவர் யார் என்பதை, அவர் வாயால், நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் அட்வென்சர் பைக் என்று ஒரு வண்டி வருகிறது. மலை, காடு, ஆறு எல்லாவற்றையும் தாண்டுவதற்கென்று செய்தது. முன் சக்கரம் இருபத்தொரு இஞ்ச், பின் சக்கரம் பதினெட்டு, குதிரை உயரம். விளம்பரத்தில் பனிமலையைக் காட்டுவதைப் பார்த்து நம்ம ஊரிலும் வாங்கிவிடுகிறார்கள். இவர்கள் பார்த்திருக்கிற ஒரே மலை மலைக்கோட்டை. அதற்கும் படியேறித்தான் போக வேண்டும். ஓட்டுவதெல்லாம் தஞ்சாவூர் ரோடும் மதுரை ரோடும்தான். ஆறு மாதம் கழித்து, கால் எட்டவில்லை, வளைவில் ரோட்டு வண்டி மாதிரி சாயவில்லை என்று என்னிடம் வருவார்கள். அவர்களுடைய ஹப்பையே வைத்து, பதினேழு இஞ்ச் ரிம்மில் புதுக் கம்பி வெட்டிக் கட்டி, ரோட்டு டயர் போட்டுக் கொடுப்பேன். வண்டி இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கும். அதில் ஒரு சிக்கல். வண்டி இறங்கினாலும் சைடு ஸ்டாண்டு அதே நீளம்தான் இருக்கும். வண்டி சாய்ந்து நிற்காமல் நெட்டுக்குத்தலாக நிற்கும். ஒரு காற்று அடித்தால் மறுபக்கம் விழும். ஸ்டாண்டை வெட்டிச் சுருக்கி வெல்டு வைக்க வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் மூன்று தடவை சொல்வது என் வழக்கம். வண்டி வரும்போது ஒன்று, வேலை நடக்கும்போது ஒன்று, சாவி கொடுக்கும்போது ஒன்று. நாம் சொல்வது முதல் தடவையே காதில் ஏறுகிற மாதிரி பணக்காரர்களைக் கடவுள் படைக்கவில்லை.

போன தையில் ஒரு நாள் காலை, அப்படி ஒரு வண்டியில் அவர் வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த மேனேஜர். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"மாஸ்டர், உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டேன்" என்றார். நீங்கள், உங்கள் என்று மரியாதையாகவே பேசினார். "ரிட்டயர் ஆகி ஸ்ரீரங்கத்துல இருக்கேன். ஆசைப்பட்டு வாங்கிட்டேன். கோயில் கூட்டத்துல நிறுத்தினா கால் எட்ட மாட்டேங்குது. ரெண்டு தடவை ஆட்டோ மேல சாஞ்சிட்டேன். வீட்டம்மா வித்துடுங்கிறாங்க."

"குறைச்சுடலாம் சார். ஆனா ஸ்டாண்டை வெட்டணும்" என்றேன்.

அவர் கையை உயர்த்தினார். அதே கை, அதே உயர்த்தல். "அதெல்லாம் வேணாம். கம்பெனி பார்ட்டை வெட்டக் கூடாது. புக்லயே போட்டிருக்கு."

"சரிங்க சார்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாம் தடவையும் சொல்லவில்லை, மூன்றாம் தடவையும் சொல்லவில்லை.

சக்கரத்தில் நான் பழிவாங்கவில்லை. அதை எழுதியே ஆக வேண்டும். சக்கரத்தில் பழிவாங்குகிறவன் கொலைகாரன். ஒன்றரை நாள் என் கையாலேயே கட்டினேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. கடைசியில் சுற்றிவிட்டு ஓரத்தில் தீக்குச்சியை நீட்டிப் பார்த்தேன். குச்சிக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒரே கோடாக ஓடியது, ஒரு மயிரிழை கூட அசையவில்லை. என் வாழ்க்கையில் நான் கட்டிய ஆயிரக்கணக்கான சக்கரங்களில் அந்த இரண்டுக்கும்தான் முதலிடம். அவர் என் வேலையில் ஒரு குறையும் கண்டுபிடிக்கக் கூடாது. அதுவும் பழியில் சேர்த்திதான்.

மறுநாள் வந்து ஏறி உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. மதுரை ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார். வாசலில் ஸ்டாண்டைப் போட்டு நிறுத்திவிட்டு, வீட்டம்மாவுக்குப் போட்டோ அனுப்ப நாலடி பின்னால் போனார். ரோட்டில் ஒரு மணல் லாரி போயிற்று. அவ்வளவுதான். வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு வலது பக்கமாக மெதுவாகச் சாய்ந்து தடாலென்று விழுந்தது. வண்டிக் கண்ணாடி ஒரு பக்கம், இண்டிகேட்டர் ஒரு பக்கம்.

"என்னய்யா வேலை செஞ்சிருக்கீங்க? ஸ்டாண்டு நீளம்னு சொல்ல வேணாமா?" என்று கத்தினார்.

"சொன்னேன் சார். வெட்டக் கூடாதுன்னு புக்ல போட்டிருக்குன்னீங்க. எனக்கு அன்னிக்கும் புக் படிக்கத் தெரியல, இன்னிக்கும் தெரியல."

அவருக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "நீயா?" என்றார். நீங்கள் என்ற மரியாதை எங்கேயோ போய்விட்டது. "அது எந்தக் காலத்துக் கதை!"

"உங்களுக்குக் கதை. எனக்கு நேத்து."

என் ஆட்கள் இரண்டு பேர் வண்டியைத் தூக்கினார்கள். வெல்டர் ஸ்டாண்டைக் கழற்றிக்கொண்டே, "அண்ணே, வண்டியை நிறுத்த அந்த இரும்புத் தாங்கியை எடுத்தாரவா?" என்று கேட்டான்.

"வேணாம். சார் பிடிச்சுக்குவார்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். கேட் திறந்துதான் இருந்தது. ஆனால் ஸ்டாண்டு இல்லாத வண்டியோடு எங்கே போவார்? ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைக் கொடுத்து நின்றார். இருநூறு கிலோ வண்டி, பதினொரு மணி வெயில். நான் ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"வெட்டிரலாம் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்தக் கான்ட்ராக்டர் வண்டிக்கு அளவு எழுதினது யாரு?"

அவர் தரையைப் பார்த்தார். "நான்தான்" என்றார், உதட்டுக்குள்.

"சத்தமா சொல்லுங்க சார், கிரைண்டர் ஓடுது."

கிரைண்டர் ஓடவில்லை. வெல்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். பட்டறையே நின்றுவிட்டது.

"நான்தான்ப்பா தப்பா எழுதினேன்! சீட்டையும் நான்தான் கிழிச்சேன். அன்னிக்கு உன்னைச் சொல்லலைன்னா முதலாளி என்னை அனுப்பியிருப்பாரு. ரெண்டு பொண்ணுங்க எனக்கு."

"தெரியும் சார். தெரியாம செஞ்சிருந்தா அன்னிக்கே விட்டிருப்பேன்."

டயர் மாற்ற வந்து காத்திருந்த ஒரு பாய், பழைய டவுன்காரர், வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், என் தோளைத் தொட்டார். "அண்ணே, போதும்ணே. சொல்லிட்டாருல்ல. மனுசன் வேர்வையில நனைஞ்சுட்டாரு பாருங்க."

"நனையட்டும் பாய். உங்களுக்கு டீ சொல்லட்டுமா?"

வெல்டர் வேகமானவன். இரண்டு விரற்கடை வெட்டி, வெல்டு வைத்து, தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, இருபது நிமிடத்தில் கொண்டுவந்து அவர் காலடியில் குந்தி மாட்டினான். அவர் கண்ணை இறுக மூடி வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்; இவன் ஸ்டாண்டை மடக்கிவிட்டு எழுந்தான். என் முகத்தைப் பார்த்தான். நான் கண்ணைக் காட்டினேன்; அவன் கிரைண்டர் பக்கம் நகர்ந்துவிட்டான். "இருங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். கை கழுவினேன். பாயோடு டீ குடித்தேன். அவர் மகன் படிப்பைப் பற்றி விசாரித்தேன். இன்னொரு சக்கரத்தில் ஏழெட்டுக் கம்பி கோத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், மேனேஜர் அப்படியே நின்றார். வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. ஒரு கையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கக்கூடப் பயந்தார். நான் நினைத்திருந்த சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், வந்தது. பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே வந்தது.

கடைசியில் அவரே கூப்பிட்டார். "மாஸ்டர்... இன்னும் எவ்வளவு நேரங்க பிடிக்கணும்?" அந்த மரியாதை திரும்பி வந்திருந்தது.

நிதானமாக நடந்துபோய் அவர் பக்கத்தில் நின்றேன். "ஸ்டாண்டு மாட்டி முக்கால் மணி நேரமாச்சு சார். காலடியிலதான் இருக்கு. நீங்க குனிஞ்சு பாக்கவே இல்ல."

கால் கட்டைவிரலால் ஸ்டாண்டைத் தட்டிவிட்டேன். ஹேண்டில்பாரை என் கையில் வாங்கி, இடது பக்கம் சாய்த்து விட்டேன். என்ன சாய்வு வேண்டுமோ அந்தச் சாய்வில் வண்டி உட்கார்ந்தது. பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினேன், அசையவில்லை. ரோட்டில் இன்னொரு லாரி போயிற்று, அசையவில்லை. மேனேஜர் விரல்களை மடக்கி மடக்கி விரித்தார். பிறகு இரண்டு கையையும் வண்டிக்குப் பக்கத்தில் நீட்டி, விழுந்தால் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டார். வண்டி நின்றது. அவர்தான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.