தலைக்குள் கேட்ட கடல்

இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்தபோது, திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் மாதம் ஒரு முறை எனக்குத் தலையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கு மூளையில் ரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆய்வு அது. எனக்கு முன்னால் எப்போதும் மரக்காணம் பக்கத்து மீனவப் பெண் ஒருத்தியைக் கூப்பிடுவார்கள். வெயிலில் கறுத்த மெலிந்த முகம். படுக்கும் முன் தலைப்பூவை எடுத்து, பக்கத்தில் காத்திருக்கும் என் மடியில் போடுவாள். நெற்றிப்பொட்டில் கருவியை வைத்ததும் ரத்தம் ஓடும் சத்தம் உஸ், உஸ் என்று அறை முழுக்கக் கேட்கும்.

"எங்க ஊட்டுல கேக்குற கடல் மாதிரியே இருக்குதுக்கா," என்று கண்ணை மூடிக்கொள்வாள்.

மாதம் ஏற ஏற வேகம் கொஞ்சம் குறையும், அது இயல்புதான் என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

"கொழந்தைக்காக அடங்கிப் போவுது," என்று மீனவப் பெண் சிரித்தாள்.

ஏழாம் மாதம் பூ வைக்காமல் வந்தாள். குழந்தை வயிற்றிலேயே இறந்து, அதை எடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

"இனிமே நீங்க வர வேணாம்மா," என்றாள் ஸ்கேன் பெண், மெதுவாக.

"தெரியும் மேடம். ஒரு வாட்டி வைங்க, கேட்டுக்கினு போயிடுறேன்."

வைத்தாள். அதே உஸ், உஸ்.

"போன மாசம் மாதிரியேதான் இருக்குது. இதுக்கு இன்னும் சேதி தெரியல போல."

எழுந்தவள் பழக்கத்தில் என் மடிப்பக்கம் கை நீட்டினாள். அங்கே பூ இல்லை, என் வயிறுதான் இருந்தது. கையை இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்து நான் படுத்தேன். அவள் வராந்தாவைத் தாண்டும்வரை சத்தத்தை அணைத்து வைக்கச் சொன்னேன்.