எதிர்வீடு யாருக்கு

அன்று நடந்தவை, வரிசையாக:

1. காலையில் மேலாளருக்கு ‘சொந்த வேலை’ என்று ஒரு வரி அனுப்பிவிட்டு லீவு எடுத்தேன்.
2. பூந்தமல்லியில் ஒரு சமுதாயக் கூடத்துக்குப் போனேன். நடைபாதையில் குடியிருந்தவர்களுக்கு அடுக்குமாடி வீடுகளைக் குலுக்கல் போட்டு ஒதுக்கும் நாள் அது.
3. பூக்கார அக்கா பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். தரைத்தளம், ஏழாம் எண்.
4. கூட்டம் கைதட்டியது. லாரி மோதியதில் அவர் கணவருக்கு ஒரு கால் போய்விட்டது. தரைத்தளம் கிடைக்க வேண்டுமென்று அவர் வேண்டாத சாமி இல்லை.
5. அடுத்து இட்லி அக்கா எடுத்தார். மூன்றாம் மாடி.
6. பூக்கார அக்கா அழ ஆரம்பித்தார்.
7. மைக்கைப் பிடித்திருந்த அலுவலர் சொன்னார்: “ரெண்டு பேரும் சம்மதிச்சா ஊட்ட மாத்திக்கலாம். ஜோடியா என் முன்னால வந்து நிக்கணும். மூணு மணி வரைக்கும்தான் டைம், அப்புறம் லிஸ்ட் மேல போயிடும்.”

ஆறாவதுக்கு விளக்கம் வேண்டும்.

நான் தூத்துக்குடிப் பெண். முகப்பேரில் வாடகைக்கு இருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. கம்பெனி பஸ் பூந்தமல்லி மெயின் ரோட்டில் ஏற்றிக்கொள்ளும். மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து வைத்த அந்த ரோட்டில், பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் சுவரை ஒட்டி ஐந்து குடும்பங்கள் இருந்தன. முதல் வாரம் ஸ்கூட்டரை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றபோது பூக்கார அக்காதான் கூப்பிட்டார்.

“இன்னாத்துக்குமா முழிச்சிகினு கீற? இங்க வுட்டுட்டுப் போ. என்னத் தாண்டி எவன் தொடுவான்?”

அன்றிலிருந்து ஸ்கூட்டர் அங்கேதான். தினமும் ஒரு முழம் பூ வாங்குவேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பக்கத்திலேயே இட்லி அக்காவிடம் இரண்டு இட்லி. பூக்கார அக்காவின் மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். எல்லாரும் அவளைப் பாப்பா என்பார்கள், அவளுக்கு அது பிடிக்காது. கணக்கில் சந்தேகம் என்றால் ஸ்கூட்டர் சீட்டின் மேல் நோட்டை வைத்துக்கொண்டு கேட்பாள்.

ஷிப்ட் மாறிய ஒரு வாரம், விடிவதற்கு முன்பே அங்கே போக வேண்டியிருந்தது. அப்போதுதான் அவர்கள் படுக்கும் வரிசையைப் பார்த்தேன். ஐந்து குடும்பமும் ஒரே வரிசை. பெண் பிள்ளைகள் நடுவில், அவர்களுக்கு இருபுறமும் அம்மாக்கள், ஓரங்களில் ஆண்கள். ரோட்டுப் பக்க மூலையில் மட்டும் ஆண் கிடையாது. அங்கே இட்லி அக்கா, தலைமாட்டில் இரும்புக் கரண்டியுடன். எல்லாருக்கும் முன்னால் எழுந்து அடுப்பு மூட்டுவது அவர்தான். பூக்கார அக்கா பூ எடுக்கக் கோயம்பேடு கிளம்பும் நேரத்தில் இட்லி அக்கா விழித்திருப்பார். பூக்கார அக்கா மகளைக் காட்டித் தலையை ஆட்டுவார். இட்லி அக்கா கரண்டியைத் தூக்கிக் காட்டுவார். அவ்வளவுதான்.

இந்தத் தலையாட்டல் எனக்கு வேறு இரண்டு ஊர்களை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு குளிர்காலம் முழுக்க வேலை விஷயமாக டொராண்டோவில் இருந்தேன். அலுவலகத்துக்குப் போகும் வழியில், சுரங்க ரயிலின் வெப்பக் காற்று வெளியேறும் இரும்புச் சட்டத்தின் மேல் சிலர் படுத்திருப்பார்கள். “கண்ணைப் பார்க்காதே, வேகமாக நட” என்று முதல் நாளே உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள். அப்படியே நடந்தேன். ஒருநாள் அங்கே ஒரு பெண்ணைப் பார்த்தேன். பையைக் கயிற்றால் கணுக்காலில் கட்டியிருந்தாள். பூட்ஸைக் கழற்றித் தலைக்கு வைத்திருந்தாள். அவளுக்கு யார் மேல் பயம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் பயம் ஒன்றுதான் அந்தத் தெருவில் இருப்பதாக நினைத்திருந்தேன்.

ஒசாகாவுக்கு இரண்டு வாரம் போனேன். ஆற்றுப் பாலத்துக்கு அடியில் நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள், ஒவ்வொன்றுக்கும் வெளியே செருப்புகள் ஒழுங்காக ஜோடி சேர்த்து. கூடாரங்களில் இருந்தவர்களும் என்னைப் பார்க்கவில்லை, வேறு யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. எந்த நேரத்திலும் பயமில்லாமல் நடந்தேன். ஆனால் அங்கே ஒருவருக்கு மூச்சு நின்றால் யாருக்கு எப்போது தெரியும் என்று நினைத்தபடி அறைக்குத் திரும்பினேன்.

பாதுகாப்பான நகரங்கள் என்று பட்டியல் வரும்போதெல்லாம் நான் படிப்பேன், பட்டியல் என்றாலே எனக்குப் பிடிக்கும். தனியாக நடக்கும்போது பயமாக இருக்கிறதா என்று கேட்டுத்தான் பெரும்பாலும் மதிப்பெண் போடுகிறார்கள். படுத்திருப்பவர்களைக் கேட்டால் வரிசை எப்படி மாறும் என்று தெரியவில்லை. பூந்தமல்லி ரோட்டைப் பாதுகாப்பானது என்று சொல்ல நான் வரவில்லை. குடிகாரன் வந்து தடுக்கி விழுவான். லாரி ரிவர்ஸில் வரும். மழை வந்தால் உட்கார்ந்தே விடிய வேண்டும். அந்த வரிசையும் கரண்டியும் மட்டும்தான் அவர்களிடம் இருந்தன.

வீடு கிடைத்தால் வரிசை போய்விடும். பூக்கார அக்கா அழுதது அதற்காகத்தான். விடியற்காலை அவர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டால், ரோட்டைப் பார்த்த தரைத்தள வீட்டில் எழுந்து ஓட முடியாத அப்பாவும் பாப்பாவும் மட்டும். மேலே போகக் கணவரால் முடியாது. பூக்கார அக்காவுக்கு ஐந்து குடும்பமும் ஒன்றாக வேண்டும் என்பதில்லை. அந்தக் கட்டடத்தில் நடுவில் வராந்தா, இருபக்கமும் கதவுகள்; ஒற்றை எண்கள் ஒரு பக்கம், இரட்டை எண்கள் எதிரே. எதிர்க்கதவு இட்லி அக்காவுடையதாக இருந்தால் போதும். ஏழுக்கு எதிர், எட்டு.

எட்டு யாருக்கு விழுந்தது என்று தேடினோம். கனத்த குரல், கனத்த உடம்பு, மடியில் வெற்றிலைப் பை. மீன் விற்கும் அம்மா.

“யக்கா, ஊட்ட மாத்திக்கலாமா? எனுக்கு மூணாவது மாடி வுழுந்துகீது” என்றார் இட்லி அக்கா.

மீன்கார அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “மூணாவது மாடியா? என்னப் பாத்தா உனுக்கு ஆட்டுக்குட்டி மாரி கீதா, துள்ளிகினு ஏற?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இட்லி அக்காவும் சிரித்தார். பூக்கார அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததாலோ என்னவோ, மீன்கார அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: “என் தம்பி மொத மாடி, பதிமூணு. அவன் பக்கத்து ஊடு பதினஞ்ச எனுக்கு வாங்கிக் குடு, இப்பவே எட்ட உனுக்குத் தரேன். ஒரு மாடின்னா ஏறிடுவேன், மூச்சு வாங்கினா வாங்கட்டும்.”

எனக்கு உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. போர்டில் மின்சாரம் எங்கே தடைப்படுகிறது என்று முனை முனையாகத் தொட்டுக்கொண்டே போய் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்போது வரும் அதே பரபரப்பு. எட்டு வேண்டுமானால் பதினைந்து வேண்டும். பதினைந்துக்காரருக்கு மூன்றாம் மாடி வேண்டியிருந்தால் வட்டம் முடிந்துவிடும். ஆனால் முதல் மாடியை விட்டு மூன்றாம் மாடிக்கு யார் போவார்கள்?

“பதினஞ்சு யாருக்கு?” என்று கூட்டத்தில் கத்தினேன். நான் கத்தி நானே கேட்டதில்லை.

ஒரு இளைஞன் கையைத் தூக்கினான். கல்யாணமாகிச் சில மாதம்தான் என்று பக்கத்தில் இருந்த அவன் நண்பன் சொன்னான். விஷயத்தைச் சொன்னேன்.

“மூணாவது மாடியா? மொட்டமாடி பக்கத்துல!” என்று அவன் நண்பனின் முதுகில் அடித்தான். “மாமே, காத்து பிச்சிகினு வரும்டா! மேல எவனும் தடதடன்னு நடக்க மாட்டான். எனுக்கு ஓகே மேடம். ஆனா…”

“ஆனா?”

“சீட்டு அவ பேர்ல கீது.”

அங்கே எல்லா வீடும் பெண்கள் பெயரில்தான். “அவங்க எங்க?”

“பிரியாணி துன்னப் போய்ட்டா. சண்ட மேடம். போன் பண்ணா எடுக்க மாட்றா.”

நண்பன்தான் மிச்சத்தைச் சொன்னான். “மொத மாடிய எடுத்தியே, உனுக்குக் கைராசியே இல்லன்னு சொல்லிட்டான், அத்தன பேர் முன்னால.”

மூன்று மணிக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. இட்லி அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அவர் அதற்கு முன் ஸ்கூட்டரில் ஏறியதில்லை. “மெதுவா மெதுவா” என்று ஆரம்பித்தவர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும், “அந்த ஆட்டோவ முந்திக்கோ!” என்றார்.

மூன்றாவது பிரியாணிக் கடையில் அந்தப் பெண் இருந்தாள். சாப்பிட்டு முடித்துவிட்டு எலும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இட்லி அக்கா எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பாப்பாவைப் பற்றி, அப்பாவின் காலைப் பற்றி, விடியற்காலையைப் பற்றி. அந்தப் பெண் கேட்டாள். பிறகு சொன்னாள்: “நான் வரேன்க்கா. பொம்பளப் புள்ள விஷயம். ஆனா மொதல்ல அவன் சாரி கேக்கட்டும்.”

என் போனிலிருந்து அவனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தேன்.

“சாரிடி.”

“சத்தம் வர்ல.”

“சாரிடி தங்கம்! உன் கைராசி மாரி பூந்தமல்லியிலயே எவளுக்கும் கெடையாது!”

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டு எழுந்தாள். “அண்ணே, ஒரு சிக்கன் பார்சல். லூசு, இன்னும் துன்னிருக்காது.”

ஸ்கூட்டரில் மூன்று பேர், நடுவில் பிரியாணி. போலீஸ் கண்ணில் பட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் தெரியாது.

கூடத்தில் அலுவலர் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று சீட்டுகளை வரிசையாக வைத்தோம். அவர் பார்த்தார்.

“மூணு பேரா? ஜோடியாத்தான் மாத்த முடியும். மூணு பேர் மாத்த ரூல் இல்லம்மா.”

பூக்கார அக்கா என் கையைப் பிடித்தார். பூ தொடுத்துத் தொடுத்துக் காய்த்த விரல்கள், இறுக்கிப் பிடித்தால் வலிக்கும்.

“மூணு பேர் இல்ல சார்” என்றேன். “ரெண்டு ரெண்டு பேரா, ரெண்டு தடவ. மொதல்ல இந்த இட்லி அக்காவும் இந்தப் பொண்ணும் மாத்திக்கிறாங்க. இவங்களுக்குப் பதினஞ்சு வந்துடும். அப்புறம் இவங்களும் இந்த அம்மாவும். ஒரு வீட்ட ஒரு தடவைக்கு மேல மாத்தக் கூடாதுன்னு ரூல் இருக்கா சார்?”

அவர் சீட்டுகளை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். “அப்டி ஒண்ணும் இல்ல.” பிறகு சிரித்தார். “இன்னாமா, கணக்கு டீச்சரா நீ?”

“இல்ல சார், போர்டு டெஸ்டிங்.”

“அது இன்னாவோ. கையெழுத்துப் போடுங்க, சீக்கிரம்.”

முதல் ஜோடி கையெழுத்துப் போட்டது. இப்போது இட்லி அக்கா கையில் முதல் மாடி. மீன்கார அம்மா பேனாவை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தரைத்தளத்தை விடுவது யாருக்கும் எளிதில்லை. “மொத மாடி கைக்கு வந்தாச்சு. நீ பல்டி அடிக்க மாட்டியே?” என்று இட்லி அக்காவைக் கேட்டார்.

“எம்மா, உன் தம்பி பக்கத்துல நான் குந்திகினு இன்னா பண்ணப் போறேன்? போடு யக்கா.”

போட்டார். பெரிய எழுத்தில், நிறுத்தி நிறுத்தி, முழுப் பெயரும்.

பூக்கார அக்கா முதலில் இட்லி அக்காவைக் கட்டிப்பிடித்தார், பிறகு மீன்கார அம்மாவை, பிறகு என்னை, பிறகு யாரென்றே தெரியாமல் பக்கத்தில் நின்ற இன்னொருவரை. பாப்பா பள்ளிச் சீருடையோடு கூடத்துக்குள் ஓடிவந்தாள். “இன்னாம்மா ஆச்சு? இன்னாம்மா ஆச்சு?” என்று எல்லாரையும் கேட்டாள், ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “உள்ள தாழ்ப்பா கீதா?”

இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். மேலே ஒன்று, கீழே ஒன்று.

இப்போதைய நிலை இது. ஏழும் எட்டும் எதிரெதிரே இருக்கின்றன. பூக்கார அக்கா மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது எட்டாம் எண் கதவு திறந்திருக்கிறது. மீதி மூன்று குடும்பங்களில் இரண்டு மூன்றாம் மாடியில், ஒன்று வேறு பிளாக்கில். அந்தக் குடும்பத்துக்கும் ஒரு பெண் பிள்ளை உண்டு, அவர்களுக்கு எதிர்வீட்டை மாற்ற முடியவில்லை. பிளாக்குகளுக்கு இடையே தெருவிளக்கு இன்னும் போடவில்லை. மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.