சுரங்கத்தில் பிடித்த பறவை

கல்லுக்குள் பறவை தேடுவது என் பிழைப்பு. மரத்தில் தேடுகிறவனுக்காவது அது கத்தித் தொலைக்கும். யாரும் நம்பாத வேலை பார்த்து நொந்தவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

நாக்குப் பரிசோதனை

தொண்ணூறுகளின் கடைசி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கச் சுவரில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. சந்தேகம் வந்தால் நாங்கள் நாக்கை நீட்டுவோம். வெறும் கல் நாக்கில் ஒட்டாது. பழைய எலும்பு பெரும்பாலும் ஒட்டும். நக்கினேன், ஒட்டியது. உடைந்த முனையில் உள்ளே குழல், ஓடு காகிதம்போல் மெல்லிசு. பறக்கத் தோதான லேசான எலும்பு, பறவையேதான்.

கல் பொறுக்க வந்த மல்லிகா பின்னாலேயே நின்றிருந்தார். "பசிச்சா சொல்லக் கூடாதுங்களா சார், தூக்குல பழையது இருக்கு."

மூணு மணி வெடி

மூணு மணிக்கு அந்தச் சுவருக்கு வெடி என்றார் மேஸ்திரி. வைத்தால் என் பறவை மாவாகிவிடும். குடையை விரித்து அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிங்க சார்."

"மாட்டேன்."

அது பாடாலூரில் இறக்கையை விரித்தால் இருபது மைல் தள்ளி ரஞ்சன்குடிக் கோட்டைக்கு நிழல் விழும் என்று அளந்தேன். நம்பினார். அந்தக் காலத்துப் பறவைக்குப் பல்லும் உண்டு என்று உண்மையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தவருக்கு மனசும் இளகிவிட்டது. "காலையில வெடிச்சுக்கிறேன். அதுக்குள்ள பறந்துடச் சொல்லுங்க."

மடியில் நோயாளி

பொழுது சாய்வதற்குள் எலும்பைக் கல்லோடு பெயர்த்து, ஆஸ்பத்திரியில் போடுகிற மாவுக்கட்டே போட்டேன். பெரம்பலூர் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.

"யாருக்கு சார் அடி?" என்றார் கண்டக்டர்.

"பறவைக்கு. கோடிக்கணக்கான வருஷமா படுத்த படுக்கை."

டிக்கெட்டைக் கிழித்தார். "கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்."

பெரியவர் தீர்ப்பு

பட்டணத்துப் பெரிய நிபுணர் கண்ணாடிகூடப் போடாமல் "மீன்" என்றார். அரியலூர் அன்றைக்குக் கடலாம், கடலென்றால் மீனாம். "காக்கா கடற்கரைக்குப் போறதில்லையா?" என்றேன். எலும்பு இருந்த பெட்டியில் 'மீன்' என்று சீட்டு ஒட்டினார். அவர் டீ குடிக்கப் போனதும் அதை அடித்துவிட்டு 'பறவை' என்று எழுதினேன். திரும்பி வந்து என்னுடையதை அடித்தார். நானா விடுவேன்?

கடைசியில் அந்த ஆபீஸ் அட்டெண்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "ரெண்டு பேரும் ரிட்டயர் ஆவுங்க சார், அப்பறம் நானே ஒண்ணு எழுதிக்கிறேன்."

ரிட்டயரும் ஆகிவிட்டேன், இன்னும் சொல்கிறேன்: மீன் என்று ஒருவர் நிரூபிக்கும்வரை அது பறவை, நிரூபித்துவிட்டால் பறந்த மீன்.